தேங்காயெண்ணெய் குடித்த துவக்கு

நானா,

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. வீட்டுக்குள் சந்தனம் அரைத்து வைத்திருக்கிறார்கள். அவல் குழைத்தாயிற்று, கடலை அவிகிறது. அதற்குள் நான் போய் நின்றதும் மருமகள் மூக்கைச் சுளித்து, "மாமா, குசினிப் பக்கம் வராதேங்கோ, அவலும் மண்ணெண்ணெய் மணக்கும்" என்று கலைத்துவிட்டாள். முற்றத்துக் கதிரையில் வந்து இருந்து கையை முகர்ந்து பார்த்தேன். அது உங்களுடைய கை மணக்கிற மணம்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, மருமகள் வேலை முடித்து வந்து எழுதுகிறாள். நான் "எண்டு" என்றால் அவள் "என்று" எனப் போடுகிறாள். வாசித்துக் காட்டும்போது எனக்கே யாரோ பெரிய மனிதர் பேசுவது போல இருக்கிறது. நீங்கள் கேட்டால், "உன்ர கதைக்கு ஆர் தம்பி வெள்ளை வேட்டி கட்டிவிட்டது?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். சொல்ல வந்த செய்தி ஒன்றுதான்.

துவக்கு வந்துவிட்டது, நானா. உங்களுடையதைப் போலவே பம்ப் துவக்கு. முன்பிடியை இழுத்துத் தள்ளினால் பழைய தோட்டா வெளியே பறந்து புதிய தோட்டா உள்ளே ஏறுகிற சாதி. வேறொருவர் பாவித்ததுதான். நாம்பன் மாடு விற்ற காசுக்குள் வாங்கினேன். போன போகத்து நெல் முழுவதும் வீட்டுக்கு வந்தது.

இன்று ஆயுத பூசை. உங்களுக்கு இதை இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது?

உடையார்கட்டில் உங்களுடைய வயலும் என்னுடைய வயலும் ஒரே வரம்பில் கிடந்த காலத்தில், வருசா வருசம் இந்த நாளில் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு என் வீட்டுக்கு வருவீர்கள். மண்வெட்டி, கத்தி, கோடரி எல்லாவற்றையும் கழுவி என் மனைவி புதுப்பாயில் அடுக்கியிருப்பாள். கடைசியாக உங்களுடைய துவக்கையும் கிடத்துவாள். "உன்ர சாமிக்கு முன்னாலை வைக்கிறதெண்டால் வை. பொட்டு மட்டும் வைச்சிடாதை. பள்ளிவாசலிலை எனக்குப் பதில் சொல்ல ஏலாது" என்று சொல்லிவிட்டு முற்றத்து வேம்பின் கீழே இருப்பீர்கள். பூசை முடிந்து கடலை வந்ததும் ஒரு பிடி வாயில் போட்டு, "உங்கட சாமி கெட்டிக்காரன், உப்பு அளவாயிருக்கு" என்பீர்கள். அந்தத் துவக்குத்தான் இரண்டு வயல்களையும் காத்தது. அதனால் அது இரண்டு வீட்டுக்கும் பொது.

நமக்குள் ஓர் ஒப்பந்தமும் இருந்தது. பன்றியை நீங்கள் சுடுவீர்கள், விழுந்ததை நான் இழுத்துப் போக வேண்டும். "துவக்கை நான் தொடுறன், பன்றியை நீ தொடு." அதில் ஒரு நாளும் தவறு வந்ததில்லை.

தவறு வந்தது எண்ணெயில். அந்த வருசம் பொட்டு வைக்கவில்லை, சொன்ன சொல்லைக் காத்தேன். ஆனால் கத்திக்கும் கோடரிக்கும் எண்ணெய் பூசுகிறோமே, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று தோன்றிவிட்டது. நல்ல தேங்காயெண்ணெய் அரைச் சிரட்டை எடுத்து, துவக்கில் எந்தெந்த ஓட்டை தெரிந்ததோ அதற்குள் எல்லாம் விட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. பளபளத்த துவக்கைத் தூக்கிப் பார்த்து, "பூசை வேலை செய்யுது போல" என்று சொல்லிக்கொண்டு போனீர்கள்.

இரண்டு மாதம் போனது. நெல் பால் பிடித்த நேரம். விடிந்தும் விடியாத ஒரு காலையில் வாய்க்கால் ஓரத்தில் பன்றி நின்றது. ஆனைக்குட்டி போல ஒற்றைத் தனியன். நீங்கள் முன்பிடியை இழுத்தீர்கள். அது அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தீர்கள். பன்றி உங்களைப் பார்த்தது, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கையிலிருந்த தகரத்தைத் தட்டிக்கொண்டு குறுக்கே ஓடினேன். பன்றி எனக்கும் உங்களுக்கும் நடுவால் போனது. நான் வாய்க்காலுக்குள் இருந்தேன்.

என்னைத் தூக்கிவிடவில்லை நீங்கள். முதலில் துவக்கை மூக்கில் வைத்து மணந்தீர்கள்.

"தம்பி, இதுக்கு ஆர் எண்ணெய் தீத்தினது?"

"கொஞ்சமாத்தான் நானா."

"எவ்வளவு கொஞ்சம்?"

"அரைச் சிரட்டை."

ஏச்சு விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரம்பில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "நீ இதைச் சாக்காட்டேல்லை. சாப்பாடு கூடி வயிறு அடைச்சுப்போட்டுது. தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது, கறிக்கு நல்லது. இரும்புக்குள்ளை போய்க் கிடந்தால் முதிரைப் பிசின்."

அன்று முழுவதும் என்னை விடவில்லை. துவக்கின் வாயை மண்ணைப் பார்த்துச் சாய்த்து, இடுக்குகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தீர்கள். ஊறும்வரை குழாயின் முன்னால் என்னைப் போக விடவில்லை. "திறக்காத துவக்கு நிறைஞ்ச துவக்கு. வெறும் துவக்கெண்டு உன்ர பெண்சாதி கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினாலும் நம்பாதை." பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்தீர்கள். எழுத்துத் தெரியாதவனுக்கு எப்படி நினைவு நிற்கும் என்று நான் கேட்க, நீங்கள் பெயர் வைத்தீர்கள். வெடித்த தோட்டாவைக் கவ்வி இழுக்கிற கொக்கி கோழிநகம். குழாய்க்குள் சுருண்டு கிடக்கிற நீளச் சுருள் சாரைப்பாம்பு. முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புக்கட்டி அம்மிக்குழவி. "படிச்சவனுக்குப் புத்தகம் இருக்கு, உனக்குக் கோழி இருக்கு" என்றீர்கள். நாற்பது வருசத்துக்கு மேல் போய்விட்டது. அந்தக் கோழியும் பாம்பும் குழவியும் இன்னும் கழற்றிய ஒழுங்கிலேயே என்னிடம் இருக்கின்றன.

அதற்குப் பிறகு நாட்டில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். சண்டைக்கால உத்தரவுக்குத் துவக்கைக் கையளித்துவிட்டு வந்த நாளில் உங்களுடைய தோள் ஒரு பக்கம் சரிந்தே இருந்தது. பிறகு ஒரு காலை, முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, நீங்கள் குடும்பத்தோடு புத்தளம் போக நேர்ந்தது. லொறி ஏறுவதற்கு முன் மடியிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து என் கையில் திணித்தீர்கள். தோட்டா ஏறி இறங்குவதைச் சோதிக்கப் பாலை மரத்தில் நீங்களே செதுக்கிய பொய்த்தோட்டாக்கள். "துவக்கில்லாட்டிலும் தோட்டா இருக்கட்டும்" என்றீர்கள். சிரிக்கத்தான் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் திரும்பி வரும்வரை ஏறத்தாழ இருபது வருசம், அதற்குப் பிறகும், அவற்றை வெற்றிலைப் பைக்குள்தான் கொண்டு திரிந்தேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு தரம் பையைக் கொட்டிப் பார்த்த சிப்பாய் அவற்றைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அவனுடைய மொழி தெரியாது. பாக்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்து அந்த மரத்துண்டால் இடித்துக் காட்டி, பல்லில்லாத வாயைத் திறந்தும் காட்டினேன். அவன் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். உங்களுடைய தோட்டா அன்று பாக்குலக்கை ஆயிற்று.

நீங்கள் திரும்பி வந்தபோது வயலுக்குள் காடு வந்து குடியிருந்தது. வெட்டி எரித்து விதைத்தோம். விதைத்ததைப் பன்றி தின்றது. தகரம் தட்டினோம், வெடி கொளுத்தினோம், பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். பன்றிகள் சேலைக்குக் கீழே படுத்திருந்தன. கடைசியில் இரண்டு பேரும் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்த் துவக்கு அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்தோம். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள், நான் பெருவிரல் வைத்தேன். "உன்ர விரல் என்ர கையெழுத்தை விட வடிவாயிருக்கு, அவங்கள் உனக்குத்தான் முதல் தருவாங்கள்" என்றீர்கள்.

அது பலித்தது. நீங்கள் பாயில் விழுந்த மாரியில் உங்களைப் பார்க்க வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "துவக்கு வரும் தம்பி. வரேக்கை பளபளப்பைப் பார்த்து எடுக்காதை. அது மாப்பிள்ளை பாக்கிறவங்கட வேலை. உள்ளுக்குப் பார்" என்றீர்கள். நாலாம் நாள் உங்களைச் சுமந்து போன சந்தூக்கின் பின்னால் பள்ளிவாசல் வரை நடந்தேன்.

கடிதம் வந்தது போன வருசம் கார்த்திகையில். பயிர் காக்கத் துவக்கு வைத்திருக்க அனுமதி. மூன்று மாதத்துக்குள் துவக்கை வாங்கிக் காட்ட வேண்டும். தவறினால் கடிதம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. எனக்கு மறுபடி தொடங்குகிற வயதில்லை. அதோடு மகனுக்கு நான் ஒரு வாக்கும் கொடுத்திருந்தேன். இரண்டு போகம் தொடர்ந்து பன்றிக்குப் போயிருந்தது. "அப்பா, இந்தப் போகமும் போனால் வயலைக் குத்தகைக்குக் குடுத்திடுவம். நீங்கள் வீட்டிலை இருங்கோ" என்று அவன் சொல்ல, நான் ஓம் என்றிருந்தேன். மண்ணை வேறொருவன் உழ, அதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கதிரையில் இருக்க வேண்டும். நான் பயந்தது அதற்கு.

நாம்பனை விற்றேன். அந்தக் காசில் புதுத் துவக்கின் பிடியைக்கூட வாங்க முடியாது என்று மகன் விசாரித்துவிட்டு வந்து சொன்னான். பாவித்ததைத் தேடிப் புறப்பட்டோம். இரண்டு மாதம் அலைந்தும் ஒன்றும் சரிவரவில்லை. விற்க இருந்தவையெல்லாம் ஒன்றில் துருப்பிடித்தவை, இல்லாவிட்டால் எங்கள் காசுக்கு எட்டாதவை.

வவுனியாவில் லொறி ஓட்டுகிற முதலாளி ஒருவர் தன்னுடைய பம்ப் துவக்கை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மேசையில் சீலை விரித்து வைத்திருந்தார். கறுப்பு நிறம் கண்ணைப் பறித்தது. மகனின் முகம் மலர்ந்துவிட்டது. விலை எங்கள் காசை விடக் கொஞ்சம் கூட. மகன் தன் மோட்டார் சைக்கிளை அடகு வைக்கிற யோசனைக்கு வந்துவிட்டான்.

நான் முதலில் திருகாணித் தலைகளைத் தடவினேன். உங்களுடைய சொல்தான். திருகாணித் தலை சிதைந்திருந்தால் தெரியாதவன் திறந்திருக்கிறான். இரண்டு தலைகள் கோழி கொத்திய பப்பாசி போல இருந்தன. பிறகு திறந்து, வெறும் துவக்கென்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழாயைக் கழற்றச் சொன்னேன். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பெருவிரல் நகத்தில் பூசினேன். குழாயின் பின்வாயில் அந்த வெள்ளை நகத்தை வைத்து, முன்வாயால் பார்த்தேன். நல்ல குழாய் என்றால் வெளிச்சம் வட்டத்துக்குள் வட்டமாக, கிணற்றுக்குள் கல் போட்டது போல, ஒழுங்காகத் தெரியும். இதில் நடுவில் ஒரு வட்டம் கோணியிருந்தது. வெளியே விரலால் தடவினேன். தவளை விழுங்கிய பாம்பு போல அந்த இடம் மெல்லப் புடைத்திருந்தது. எப்போதோ சேறு அடைத்திருக்கச் சுட்டிருக்கிறார்கள். மேலே புதுக் கறுப்புப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

முதலாளி பொறுமையிழந்தார். "ஐயா, நீங்கள் துவக்கு வாங்க வந்தனீங்களோ, கண் டொக்டர் வேலைக்கு வந்தனீங்களோ?"

"கண்ணாலை பாத்தால் கையிலை அஞ்சு விரலும் மிஞ்சும் தம்பி" என்றேன்.

அவருக்குக் கோபம். "உங்கட காசுக்கு ஏத்தது செட்டிகுளத்துப் பக்கம் ஒண்டு கிடக்கு. ஒரு அம்மா செத்த துவக்கொண்டை வைச்சுப் பூசை செய்யிறா. ஆறு பேர் போய்ப் பார்த்துக் கையை விரிச்சிட்டு வந்தவங்கள். அதைப் போய் வாங்குங்கோ."

வெளியே வந்ததும் மகன் கேட்டான். "அப்பா, உங்களுக்குத் துவக்கு வேணுமோ, துவக்கிலை குறை வேணுமோ?"

என் காதில் ஒரு சொல்தான் நின்றது. பூசை செய்கிறா என்றாரே, நானா.

அடுத்த நாளே செட்டிகுளத்துக்குப் போனோம். கடிதம் செல்லாமல் போக இன்னும் பதினொரு நாள் இருந்தது. அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மலையகத்திலிருந்து கணவனோடு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். கணவன் கண்ணை மூடி இரண்டு வருசம். துவக்கின் அனுமதித் தாளைத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார். மகளோடு கனடா போகப் போகிறார், அதற்குள் துவக்கு கைமாற வேண்டும்.

"வாங்கய்யா, உட்காருங்க" என்று தண்ணீர் தந்தார். "எல்லாரும் வந்து பாத்துட்டுத்தான் போறாங்க. ஒருத்தன் தரையில குத்திப் பாத்தான். இன்னொருத்தன் இரும்புக்கடைக்குப் போடுன்னான். நீங்க என்ன சொல்லப் போறீங்களோ."

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் துவக்கு சாய்ந்திருந்தது. சந்தனப் பொட்டு, குங்குமம், காய்ந்த செவ்வந்திப் பூ. கிட்டப் போனேன். சாம்பிராணிக்குக் கீழே இன்னொரு மணம் இருந்தது. காறிப்போன தேங்காயெண்ணெய். எனக்கு வாய்க்கால் தண்ணீர் முதுகில் பட்டது போலக் குளிர்ந்தது.

"தங்கச்சி, இதுக்கு எண்ணெய் வைக்கிறனீங்களோ?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி. அவர் இருக்கிறப்போ என்னைத் தொட விடமாட்டாரு. போனப்புறம் நான்தான் பாத்துக்கிறேன். ஒரு வாரம் தவறினதில்லை."

நூறு வெள்ளிக்கிழமை, நானா. நான் விட்டது அரைச் சிரட்டை.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறு பேர் செத்தது என்று சொல்லிவிட்ட துவக்கு. இரும்பு விலை கேட்டால்கூடத் தந்திருப்பார். மகன் என் வேட்டியை மெல்ல இழுத்தான், அவனுக்கும் ஏதோ விளங்கிவிட்டது. ஆனால் உங்களுடைய வயலில் ஒரு தரம் மாட்டு வியாபாரியிடம் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "உள்ள குறையைச் சொல்லி விலையைக் குறை. இல்லாத குறையைச் சொல்லி வாங்கின மாடு உன்ர பட்டியிலை நிக்காது."

"தங்கச்சி, இது சாகேல்லை. உங்கட எண்ணெய் உள்ளுக்குப் பிசினாய் இறுகிக் கிடக்கு. கழுவினால் வேலை செய்யும்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க. அப்ப விலையும் நல்லா இருக்கணுமே."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முதல் திறந்து பாப்பம். பிறகு நீங்கள் சொல்லுற விலையைச் சொல்லுங்கோ. என்னட்டை இல்லையெண்டால் கும்பிட்டிட்டுப் போறன்."

முற்றத்தின் மூலையில் கறையான் புற்று ஒன்று இருந்தது. துவக்கின் வாயை அந்தப் புற்றுக்குள் பார்க்கச் சாய்த்துக் கட்டினேன். எல்லோரையும் பின்னால் வரச் சொன்னேன். "வெறும் துவக்குங்க. எங்க வீட்டுக்காரரு நிறைச்சு வைக்கிற ஆளில்ல" என்றார் அந்த அம்மா. சாமிப் படத்தைக் காட்டிச் சத்தியமும் செய்தார். நான் உங்களை நினைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

மண்ணெண்ணெய் விட்டேன். ஊறவிட்டேன். தேநீர் குடித்தோம். மறுபடியும் விட்டேன். சந்தனமும் சாம்பலும் எண்ணெயும் சேர்ந்த கஞ்சி மண்ணிறமாக வழிந்தது. மத்தியானம் திரும்பியது. மூன்றாம் தரம் விட்டு, சுடுவிசைப் பக்கம் விரல் போகாமல், முன்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். ஒரு நெல்மணி அளவு போனது. பிறகு ஒரு விரல் அளவு. பிறகு ஒரு முனகலோடு முழுவதும் பின்னால் வந்தது.

அடிப்பித்தளை பச்சை பூத்த தோட்டா ஒன்று வெளியே உருண்டு பாயில் விழுந்தது.

நான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெடிக்காதது. முழுத் தோட்டா.

அந்த அம்மா வாசற்படியில் இருந்துவிட்டார். தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். "அன்னைக்கு ஆனை வந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு உள்ள வந்து சாத்தி வச்சாரு. அப்படியே படுத்தாரு." பிறகு, "பேரப்புள்ள இதுக்கு முன்னாலதான்யா தவழ்ந்தான். அந்த ஆள் தரையில குத்தினப்போ நான் எதிர்த்தாப்லதான் நின்னேன்" என்றார்.

"உங்கட எண்ணெய்தான் காப்பாத்தியிருக்கு தங்கச்சி" என்றேன். அது பொய்யில்லை, நானா. எண்ணெய் இறுகியிராவிட்டால் அது எப்போதோ வெடித்திருக்கும்.

மிச்ச வேலையை அவர் கண் முன்னாலேயே செய்தேன். கோழிநகம் கூராக இருந்தது. சாரைப்பாம்பு துள்ளியது. சுண்ணாம்பு நகத்தை வைத்துப் பார்த்தேன், வட்டத்துக்குள் வட்டம், ஒரு வட்டமும் கோணவில்லை. குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன், கோயில் மணிபோல நின்று ஒலித்தது. திருகாணித் தலைகளை ஒருவரும் தொட்டதேயில்லை. எல்லாவற்றையும் பூட்டி, வெற்றிலைப் பையிலிருந்து உங்களுடைய பொய்த்தோட்டாக்களை எடுத்தேன். இரண்டையும் ஏற்றி முன்பிடியை இழுத்தேன். சறக். முதலாவது பறந்து போய்க் கோழிக்கூட்டில் பட்டது. சறக். இரண்டாவது மகனின் நெஞ்சில் பட்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். துவக்குத் தேடப் புறப்பட்ட இரண்டு மாதத்தில் அவன் சிரித்ததை அன்றுதான் கண்டேன். நீங்கள் சொல்வீர்களே, "பம்ப் துவக்கு கொஞ்சம் கடகடக்க வேணும், கடகடக்காட்டி ஒண்டில் புதுசு இல்லாட்டி வருத்தம்" என்று. கழுவிய பிறகு அது நன்றாகக் கடகடத்தது.

குறைகளையும் சொன்னேன். பிடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருக்கிறது, செப்புக் கம்பி சுற்ற வேண்டும். குறி பார்க்கிற முன்மணி விழுந்துவிட்டது.

"இப்ப விலையைச் சொல்லுங்கோ" என்றேன்.

"என்ன கொண்டாந்தீங்க?"

மகன் நாம்பன் காசை முடிச்சோடு பாயில் வைத்தான். அவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை. "இது போதும். ஆறு பேரும் செத்துப்போச்சுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உசிரோட இருக்குன்னு சொன்னீங்க, அதுவும் வாங்குறதுக்கு முன்னாடி. ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இனி எண்ணெய் வைக்கலாமா?"

"வைக்கலாம் தங்கச்சி. உங்கட தலைக்கு."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

தாள்கள் கைமாறக் கச்சேரிக்கு மூன்று நடை. அந்தப் பச்சைத் தோட்டாவையும் அங்கேயே ஒப்படைத்தோம். கடிதம் செல்லாமல் போக நான்கு நாள் இருக்கும்போது துவக்கு என் பெயருக்கு வந்தது. அவர் கையெழுத்து வைத்தார், நான் பெருவிரல் வைத்தேன். விரலைப் பார்த்தேன், நானா. நீங்கள் சொன்னது சரி. வடிவாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரமே பன்றிகள் வந்தன, நான் துவக்கு வாங்கிய செய்தி அவற்றுக்கு யாரோ போய்ச் சொன்னது போல. வெயில் சாய்ந்து நெல் மஞ்சளாகத் தெரிகிற நேரம், காட்டோரத்தால் ஒரு கூட்டம் இறங்கியது. நான் வரம்பில் முழங்கால் ஊன்றினேன். மகன் பின்னால் நின்றான். முதல் வெடிக்குக் கூட்டம் சிதறியது. முன்பிடியை இழுத்துத் தள்ளினேன், சறக் என்றது. நாற்பது வருசம் அந்தச் சத்தத்துக்காகத்தான் என் காது திறந்திருந்தது போல. இரண்டாவது வெடியில், முன்னால் வந்த பெரிய ஆண்பன்றி விழுந்தது. மிச்சம் காட்டுக்குள் போனது, அறுவடை முடியும்வரை திரும்பி வரவில்லை.

உங்களுடைய ஒப்பந்தம் அன்றுதான் முறிந்தது. துவக்கையும் நானே தொட்டேன், பன்றியையும் நானே தொட்டேன்.

மாசியில் அறுத்தோம். மகன் மூட்டைகளை அடுக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். குத்தகை என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. "அப்பா, நானா மாமான்ர வயல் பத்தையாய்க் கிடக்கு. அவற்ற பிள்ளையளோடை கதைச்சு அதையும் இந்த முறை விதைப்பமோ?" என்று கேட்டான். நான் கொஞ்சம் யோசிப்பது போல நடித்துவிட்டு, ஓம் என்றேன். உங்களுடைய மகன் போனில் சம்மதம் சொல்லிவிட்டார். காட்டை வெட்டிவிட்டோம். மழை விழ விதைப்போம். இரண்டு வயல்களுக்கும் மறுபடியும் ஒரே துவக்கு.

இப்போது பூசைக்கு நேரமாகிறது. மருமகள் பேனாவை வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு போய், பாயில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். துவக்கடியில் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்து மறுத்தேன். மண்வெட்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் பொட்டு உண்டு. துவக்குக்கும் அதன் பக்கத்தில் வைத்திருக்கிற இரண்டு பாலை மரத் தோட்டாக்களுக்கும் இல்லை. கனடாவிலிருந்து அந்தத் தங்கச்சியும் சற்று முன்தான் போனில் முகம் காட்டி, "எண்ணெய் வச்சீங்களாய்யா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பொட்டு வைக்கவில்லை, எண்ணெய் வைக்கவில்லை, நானா. முன்பிடியைப் பின்னால் இழுத்து, எல்லோரும் பார்க்கத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.